துப்பாக்கிக் கொல்லர் குடும்பத்தின் கல்லறைகளைச் சீரமைக்க முன்வருவோருக்கு

பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் இருநூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு குழலின் மேல் படிந்திருக்கும் பழுப்பு நிறத்தை ஒருபோதும் தேய்த்து எடுக்கமாட்டார்கள். அந்தப் பழுப்பு, கொல்லர் தாமே பக்குவமாகத் துருவேற்றிப் பதப்படுத்திய மேற்பூச்சு. அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டால் துப்பாக்கியின் மதிப்பில் பெரும்பகுதி அதோடு போய்விடும். இதை நன்றாக அறிந்தவர்களே, அந்தக் கொல்லரின் கல்லறைக்கு முன்னால் வந்து நிற்கும்போது மட்டும் கம்பித் தூரிகையைக் கையில் எடுத்துவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தக் காட்சிதான்.

இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழில் லண்டன், பர்மிங்காம் ஆகிய இரு நகரங்களில் வேர்விட்டு வளர்ந்தது. லண்டனின் துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. துப்பாக்கிக் குழல்களின் உறுதியைச் சோதிக்கும் பர்மிங்காமின் சோதனைக்கூடம் 1813-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அமைந்தது. தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கும், பட்டறை முதலாளியிடமிருந்து சிறந்த உதவியாளருக்கும் கைமாறியதால், ஒரு குடும்பத்தின் கல்லறைகளைத் தேடப் போனால் ஒரு தொழிலின் வம்சாவளியே கிடைக்கும். ஆனால் அந்தக் குடும்பங்களில் பலவற்றின் நேரடி வாரிசுகள் இன்று எங்கிருக்கிறார்கள் என்று தெரியாது. கடைகள் மூடப்பட்டன, பெயர்கள் விற்கப்பட்டன, கற்கள் மட்டும் ஐவிக் கொடிக்குள் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றை மீட்க விரும்பும் தன்னார்வலர்கள் செய்ய வேண்டிய பணியில் முக்கால் பங்கு, கல்லைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியது.

முதலில் ஆளை உறுதிசெய்யுங்கள்

இந்தத் தொழிலில் பெயர்க்குழப்பம் மிகுதி. ஜேம்ஸ் பர்டி என்ற பெயரில் தந்தை (1784–1863), மகன் (1828–1909) என இருவர் அடுத்தடுத்து ஒரே நிறுவனத்தை நடத்தினார்கள். வில்லியம் கிரீனர் (1806–1869), அவருடைய மகன் வில்லியம் வெலிங்டன் கிரீனர் (1834–1921) ஆகிய இருவரும் துப்பாக்கி செய்தார்கள், இருவரும் துப்பாக்கியைப் பற்றி நூல்களும் எழுதினார்கள். கல்லில் பாதி எழுத்து அழிந்து, பெயரும் தொழிலும் மட்டும் எஞ்சியிருந்தால் அது தந்தையா மகனா என்று கல்லை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆகவே ஆவணங்களிலிருந்து தொடங்க வேண்டும். 1837 ஜூலைக்குப் பிந்தைய மரணம் என்றால் அரசின் இறப்புப் பதிவு இருக்கும். அதற்கு முந்தையது என்றால் திருச்சபையின் அடக்கப் பதிவேடுதான் துணை. உயில்களைப் பொறுத்தவரை, 1858-க்கு முன் வசதி படைத்தவர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி உயர் திருச்சபை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. அவை இப்போது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தனிநபர் பெயர்களுடன் கூடிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1841-லிருந்து கிடைக்கிறது. அதில் வீட்டிலிருந்த பயிற்சித் தொழிலாளர்களின் பெயர்களும் பல சமயம் வந்துவிடுவதால், கல்லறையில் சொல்லப்படாத ஒரு பட்டறையையே அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். கல்லறைத் தோட்டத்தின் பதிவேட்டிலுள்ள மனை எண், இவை எல்லாவற்றையும் தரையோடு இணைக்கும் கடைசிக் கண்ணி.

விதவைகளை விட்டுவிடாதீர்கள். கல்லில் "இன்னாரின் மனைவி" என்று ஒற்றை வரியில் அடங்கிவிடும் பெண், கணவருக்குப் பின் தொழிலையே நடத்தியவராக இருக்கலாம். லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் தாமஸ் பாஸ் 1857-இல் இறந்தபின் அவருடைய மனைவிதான் நிறுவனத்தை முன்னெடுத்துச் சென்றார். ஸ்டீபன் கிராண்ட் என்பவர் அவருக்குத் தொழில் கூட்டாளியாக நின்றார்.

எடுத்துக்காட்டாக ஜோசப் மாண்டனை எடுத்துக்கொள்ளலாம். நவீன வேட்டைத் துப்பாக்கிக்கு வடிவம் தந்தவர் என்று தொழிலில் இருப்பவர்கள் அவரைத்தான் முதலில் சொல்வார்கள். பர்டியும் பாஸும் அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அவ்வளவு புகழ் பெற்றவர் 1826-இல் திவாலாகி, 1835 ஜூன் 29 அன்று இறந்து, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கான கல்லறை வாசகத்தை எழுதியவர் அவருடைய வாடிக்கையாளரும் வேட்டைப் பிரியருமான கர்னல் பீட்டர் ஹாக்கர். அப்படியானால் அந்தக் கல்லில் உள்ள வரிகள் வெறும் அலங்காரமல்ல. பொருள் வாங்கியவர் அதைச் செய்தவருக்குக் கொடுத்த சான்றிதழ் என்றே சொல்லலாம். இப்படிப்பட்ட வாசகத்தின் ஓர் எழுத்துகூட நம் கையால் போய்விடக் கூடாது என்பதுதான் இந்தப் பணியின் முதல் கட்டளை. (அதே தோட்டத்தில்தான் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் துவாரகாநாத் தாகூரும் 1846-இல் அடக்கமானார். அங்கே போகிறவர்கள் அவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.)

கல்லே இல்லாத குடும்பங்களும் உண்டு. பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கால்டன் குடும்பம் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தது. குவேக்கர்கள் 1850 வரை கல்லறைக் கற்களையே ஊக்குவிக்கவில்லை. அதன்பின் அனுமதித்ததும் ஒரே மாதிரியான எளிய கற்களைத்தான். எனவே அத்தகைய அடக்கத் தோட்டத்தில் வெறும் புல்தரையைக் கண்டு, யாரோ கல்லைத் திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, புதுக் கல் நட நன்கொடை திரட்டக் கிளம்பிவிடாதீர்கள்.

யாருடைய அனுமதி

கல்லறை இருக்கும் நிலம் ஒருவருக்கும், அதன் மேல் நிற்கும் கல் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலய வளாகத்தில் உள்ள நினைவுக் கல், அதை நட்டவருக்கும், அவருக்குப் பின் நினைவுகூரப்படுபவரின் சட்டப்படியான வாரிசுக்கும் உரியது. வாரிசைத் தேடுவதற்கு நியாயமான முயற்சி எடுத்ததற்கு எழுத்துச் சான்று வைத்திருங்கள். தேவாலய அறிவிப்புப் பலகையிலும் உள்ளூர்ச் செய்தித்தாளிலும் கொடுத்த அறிவிப்புகளின் நகல்களே போதும்.

அந்த வளாகத்தில் கல்லைக் கழற்றுவது, நிமிர்த்துவது, பொருத்துவது போன்ற எதற்கும் 'ஃபேகல்டி' எனப்படும் திருமண்டல நீதிமன்ற அனுமதி வேண்டும். சிறு பணிகள் சிலவற்றுக்கு, பிஷப்புக்கு அடுத்த நிலை மதகுருவான ஆர்ச்டீக்கனின் எழுத்து அனுமதியே போதுமாக இருக்கும். அடக்கம் நிறுத்தப்பட்டு மூடப்பட்ட வளாகங்களின் பராமரிப்பு உள்ளாட்சி மன்றத்துக்குப் போயிருக்கலாம். அப்போதும் திருமண்டலத்தின் அதிகாரம் நீங்கிவிடுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கென்சல் கிரீன் போன்ற நிறுவனக் கல்லறைத் தோட்டங்களில் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தக் கல்லறை பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டதா என்று இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் பாருங்கள். பட்டியலிடப்பட்ட சின்னத்தில் உரிய ஒப்புதல் இல்லாமல் மாற்றம் செய்வது குற்றம். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது அதற்குப் பதிலாகாது. காப்பீட்டையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

தொடுவதற்கு முன் பதிவுசெய்தல்

ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, தேவாலயத்தின் மூலை, சுற்றுச்சுவரின் கதவுத்தூண் போன்ற அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து அளவுநாடாவால் தொலைவை அளந்து வரைபடத்தில் குறியுங்கள். பிறகு படம். எழுத்துகளைப் படமெடுக்க நேர் எதிரே நின்று வெளிச்சம் பாய்ச்சினால் எதுவும் தெரியாது. வெளிச்சம் கல்லின் பரப்பை ஒட்டிச் சாய்வாக வழிய வேண்டும். அப்போதுதான் பள்ளமான எழுத்துகளில் நிழல் விழும். கிழக்கு நோக்கிய கல்லுக்குச் சூரியன் தலைக்கு மேலேறிக் கல்லைத் தாண்டப் போகும் நேரம் பொருத்தமானது. வடக்கு நோக்கிய கல்லில் நல்ல வெயிலே படாது என்பதால், வீட்டில் இருக்கும் ஓர் ஆளுயரக் கண்ணாடியைக் கொண்டுபோய், பக்கவாட்டில் நான்கைந்து அடி தள்ளி ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, வெயிலைத் திருப்பி விடுங்கள்.

இதை நான் முதன்முதலில் பார்த்த நாளை மறக்க முடியவில்லை. அந்தக் கல்லைக் காலையிலிருந்து மூன்று பேர் பார்த்து, வழவழவென்று ஒன்றுமில்லை என்று விட்டிருந்தோம். பிற்பகலில் கண்ணாடியை மெல்லத் திருப்பத் திருப்ப, முதலில் ஓர் ஆண்டின் இரண்டு இலக்கங்களும், பிறகு 'கன் மேக்கர்' என்ற இரண்டு சொற்களும் எழும்பி வந்தன. கண்ணாடியைப் பிடித்திருந்தவரின் கை நடுங்கினால் சொற்களும் நடுங்கின. படமெடுத்து முடிப்பதற்குள் மேகம் வந்துவிட, கல் பழையபடி வெறுங்கல்லாயிற்று.

எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு தூவுவது, சவர நுரை பூசுவது ஆகிய மூன்றும் இணையத்தில் பரவலாகக் காணப்படும் கெட்ட யோசனைகள். நுண்துளைகளுக்குள் போனது திரும்பி வராது. ஈயம் பதித்த எழுத்துகள் உதிர்ந்துபோன கல் என்றால் அதற்கு வேறொரு வழி இருக்கிறது. ஈயம் பிடித்துக்கொள்வதற்காக ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் சிறு துளைகள் இட்டிருப்பார்கள். ஈயம் போனாலும் துளைகள் நிற்கும். அவற்றின் இடைவெளியைத் தாளில் புள்ளிகளாகப் பதிந்து இணைத்துப் பார்த்தால் எழுத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். கீழே உதிர்ந்து கிடக்கும் ஈய எழுத்துகளைக் கையுறையோடு எடுத்து, எந்தக் கல்லுக்கு அடியில் கிடைத்தது என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள். வாசகத்தைப் படியெடுக்கும்போது வரி முறியும் இடத்தில் முறித்து, எழுத்துப்பிழையையும் அப்படியே எழுதுங்கள். ஊகித்த எழுத்துகளை மட்டும் பகர அடைப்புக்குள் இடுங்கள்.

செடிகொடிகளும் உயிரினங்களும்

ஐவிக் கொடியைப் பிடித்து இழுப்பதுதான் புதிதாக வருபவர்கள் அனைவரும் முதலில் செய்யும் தவறு. அதன் பற்றுவேர்கள் கல்லின் மேல்தோலைப் பிடித்திருக்கும். உயிரோடு இழுத்தால் எழுத்துகளோடு பெயர்ந்து வரும். அடித்தண்டைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, கொடி முழுவதும் காய்ந்து தானே பிடிவிடும் வரை, மாதக்கணக்கில் ஆனாலும், காத்திருக்க வேண்டும். கல்லறைப் பிளவில் முளைத்த மரக்கன்றையும் பிடுங்காமல் வெட்டிவிடுவதே நல்லது. கல்லை ஒட்டிப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். அதன் நைலான் கயிறு மென்மையான மணற்கல்லின் அடியைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அங்கே கைக்கத்தரிதான்.

பறவைகள் கூடுகட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில் புதர் வெட்டும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி குற்றம். பெட்டி வடிவக் கல்லறைகளின் விரிசலில் வௌவால்கள் தங்கியிருக்கலாம். அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கல்லின் மேல் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிற வட்டங்களாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களை (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரிகள்) அழுக்கு என்று எண்ணுவது அடுத்த தவறு. அவற்றில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்பவை. உள்ளங்கை அகல வட்டம் ஒன்று அந்தக் கொல்லரின் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே தொடங்கியிருக்கலாம். ஒரே தேவாலய வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதுண்டு. எழுத்தை மறைக்காத லைக்கனை அப்படியே விடுங்கள்.

கழுவுதல்

கழுவத்தான் வேண்டுமா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். விரல்கணுவால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மணற்கல் பொள்ளென்று ஒலித்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பளிங்கைத் தடவும்போது சர்க்கரை போல விரலில் உதிர்ந்தால் அதன் பிணைப்பு போய்விட்டது. இந்த இரண்டு நிலையிலும் தன்னார்வலர் வேலை அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்குமேல் பயிற்சி பெற்ற கல் பாதுகாப்பு வல்லுநரின் பொறுப்பு.

உறுதியான கல் என்றால் சுத்தமான தண்ணீர், மிருதுவான இயற்கை நார் அல்லது நைலான் தூரிகை, மரக்குச்சி ஆகியவை போதும். முதலில் கல்லை நன்றாக நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகச் சிறு சிறு பகுதியாகத் தேய்த்து, அவ்வப்போது கழுவிவிடுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த கல்லில் கோடுகோடாக இறங்கிக் கறையாகும். உறைபனி வரக்கூடிய நாளில் தண்ணீரையே தொடாதீர்கள். துளைக்குள் போன நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து கல்லை உள்ளிருந்து உடைக்கும்.

வீட்டு ப்ளீச் உப்புகளை உள்ளே விட்டுச் செல்லும். அவை படிகமாகும்போது மேற்பரப்பு செதில்செதிலாக உதிரும். அமிலம் சுண்ணக்கல்லையும் பளிங்கையும் கரைத்துவிடும். உயரழுத்த நீர்ப்பீச்சி அரை மணி நேரத்தில் நூறாண்டுத் தேய்மானத்தைக் கொண்டுவந்துவிடும். கம்பித் தூரிகையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களோடு வந்த ஒருவர், மிகுந்த உழைப்பாளி, ஒரு கல்லை அதைக் கொண்டு வெள்ளை வெளேரென்று ஆக்கினார். எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், கல் முழுவதும் அம்மைத் தழும்பு போல ஆரஞ்சுப் புள்ளிகள். தூரிகையிலிருந்து உடைந்து கல்லுக்குள் தங்கிய இரும்புத் துணுக்குகள் துருப்பிடித்திருந்தன. அதை இன்றுவரை எங்களால் சரிசெய்ய முடியவில்லை.

நிமிர்த்துதலும் சாந்தும்

ஒன்றரை மீட்டர் உயரம், முக்கால் மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம் கொண்ட மணற்கல் பலகை ஏறத்தாழ கால் டன் எடை இருக்கும். அது சாய்ந்தால் மனிதர் தாங்கமாட்டார்; விழும் கல்லறைக் கற்களால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. துப்பாக்கிக் குழலை விற்பனைக்கு அனுப்புமுன் வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்து இட்டு வெடித்துச் சோதிப்பார்கள், அந்த நேரத்தில் பக்கத்தில் எவரும் நிற்கமாட்டார்கள். இங்கே சோதனை அதைவிட மென்மையானது என்றாலும் எச்சரிக்கை அதேதான். பக்கவாட்டில் நின்று, மேல் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் சுற்றிக் கயிறு கட்டி, நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள். சற்றே சாய்ந்திருந்தாலும் ஆட்டம் இல்லாத கல்லை நிமிர்த்தத் தேவையில்லை. தூக்கியே ஆகவேண்டிய கல்லை மூன்றுகால் தூக்குச் சட்டமும் சங்கிலிக் கப்பியும் வைத்திருக்கும் அனுபவசாலிகள் தூக்கட்டும்; தன்னார்வலர்கள் குழிக்குச் சரளையும் மணலும் சுமக்கலாம்.

உடைந்த துண்டுகளையும் பெட்டிக் கல்லறையின் மூட்டுகளையும் சிமென்டால் பூசிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். சிமென்ட் கல்லைவிடக் கடினமானது, நீரை வெளியே விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேற முயன்று கல்லைத் தின்னும். ஈரத்திலும் இறுகும் இயற்கை நீரியல் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூரான மணல் கலந்த சாந்துதான் முறை. நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதன் குணம் பழக்கமானது: மெதுவாக இறுகும், சுவாசிக்கும், தேவைப்பட்டால் பெயர்த்தெடுக்கலாம். (கடுக்காயையும் வெல்லத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம், திருமண்டலத்துக்கு விளக்கம் சொல்லி மாளாது.) ஐந்து டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் பருவத்தில் பூசக் கூடாது. பூசியபின் ஈரச்சாக்கு போர்த்தி, உடனே காய்ந்துவிடாமல் சில நாட்கள் காக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கற்களைப் பிணைக்கும் பழைய இரும்புக் கொக்கிகள் துருவேறி உப்பிக் கல்லைப் பிளந்திருந்தால், துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றும் வேலை வல்லுநருடையது.

விளக்கப் பலகை

வேலை முடிந்ததும் ஒரு பலகை வைக்க ஆசை வரும். அதைக் கல்லறையில் பொருத்தாமல் பாதையோரத்தில் தனியாக நடுங்கள். எழுதுவதில் நேர்மை வேண்டும். பர்மிங்காமில் செய்த துப்பாக்கிகளில் ஒரு பங்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் அடிமை வணிகத்தில் பண்டமாற்றானது. ஆயுதம் செய்ததற்காகவே இளைய சாமுவேல் கால்டனை, போரை எதிர்க்கும் குவேக்கர்கள் 1796-இல் தங்கள் உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கினார்கள். அவரோ தம் தொழிலுக்கு ஆதரவாக வாதங்களை அச்சிட்டே வெளியிட்டார். இப்படியொரு சேதி உங்கள் குடும்பத்திலும் ஆவணத்தோடு கிடைத்தால், கைவினைப் புகழோடு சேர்த்து அதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

பதிவுகளின் ஒரு பிரதியைத் தேவாலயத்துக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ, இன்னொன்றை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, ஐவி துளிர்க்கும் வசந்தத்தில் ஒரு தடவையும் இலையுதிர்ந்த பிறகு ஒரு தடவையும், கைக்கத்தரியும் அளவுநாடாவும் எடுத்துப் போங்கள். முதலாண்டு நின்று படமெடுத்த இடத்தில் தரையில் ஒரு மரமுளை அடித்து வைத்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்திலிருந்து, அதே கல்லை எடுக்கலாம்.